வேலையற்ற கட்டடங்கள்



எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகை, திருத்தணிகை மலையை அடுத்த ஊர். ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டால் எங்கள் பக்கத்துச் சாலைகளெல்லாம் மஞ்சளாடையும் மலர்க்காவடியுமாகவே காணும். தமிழில் அரோகரா என்பாரும் தெலுங்கில் பாடிக்கொண்டு வருவாரும் ஒரே மரத்தடியில் இளைப்பாறுவர். இப்படி நடந்து வருவோருக்காக யாரோ ஒரு புண்ணியவான், தம் பெயரைக்கூடக் கல்லில் பொறித்துக்கொள்ளாமல், ஒரு சத்திரத்தைக் கட்டி வைத்துவிட்டுப் போனார். தெருவைப் பார்த்த நீண்ட திண்ணை, நடுவே ஒரு முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், பின்கட்டில் இரண்டு அறைகள், ஒரு கிணறு. அவ்வளவுதான் சத்திரம். மாட்டு வண்டியும் கால்நடையுமாக மக்கள் வந்த வரையில் அதற்கு வேலை இருந்தது. பேருந்து வந்தது, பிறகு வேன் வந்தது. காலையில் புறப்பட்டவர் மலையேறிக் கும்பிட்டுவிட்டு மாலையில் வீடு திரும்புகிறார். ஆண்டில் நாலைந்து நாள் போக, மற்றைய நாளெல்லாம் சத்திரம் சும்மா கிடந்தது.

சும்மா கிடக்கிற கட்டடம் வெகு நாள் சும்மா இராது. முதலில் ஒருவர் வைக்கோல் போட்டார். இன்னொருவர் ஆடு கட்டினார். கைப்பிடிச் சுவரின் இடுக்கில் பறவை போட்ட விதை அரசங்கன்றாக எழுந்தது. பிறகு சீட்டாட்டக்காரர்கள் குடியேறினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், "இடித்துத் தள்ளிவிட்டு வரிசையாகக் கடைகள் கட்டினால் ஊருக்கு வாடகையாவது வரும்" என்று ஒரு சாரார் சொன்னார்கள். "பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்க ஓர் இடமில்லை, இதைச் செப்பனிட்டுக் கொடுக்கலாம்" என்றார்கள் வேறு சிலர். இரு சாராரும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "ஐயா, நீங்கள் தலைமையாசிரியராக இருந்தவர், நீங்களே சொல்லுங்கள்" என்றார்கள்.

எனக்கு உடனே வாய் எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைச் சொல்வதற்காகவே இன்று வானொலி நிலையத்தாரின் அழைப்பை ஏற்றேன்.

நான் எழுத்தறிந்தது பள்ளிக்கூடம் என்று கட்டப்பட்ட கட்டடத்தில் அன்று. என் தாயார் பிறந்த ஊர் எங்களுக்குப் பக்கத்துச் சிற்றூர். அங்கே ஊர்ச் சாவடி ஒன்று இருந்தது. பஞ்சாயத்துப் பேசுவதற்கும் வழிப்போக்கர் படுப்பதற்கும் கட்டியது. அதன் ஒரு பாதியில் ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். மறு பாதியில் எப்போதும் யாராவது ஒரு கிழவர் படுத்திருப்பார். நாங்கள் வாய்ப்பாட்டில் தவறினால் அவர் படுத்தபடியே திருத்துவார். அப்பொழுது எங்கள் வட்டாரம் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்திருந்தது. ம.பொ.சிவஞானம் அவர்களும் மங்கலங்கிழாரும் மற்றும் பலரும் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சாவடியின் வாயிலில் தொங்கிய பலகை மாறிற்று. சாவடி மாறவில்லை, உள்ளே படுத்திருந்த கிழவரும் மாறவில்லை.

பிற்காலத்தில் அதே பள்ளிக்கு நானே தலைமையாசிரியனாகப் போனேன். 1987ஆம் ஆண்டு. சாவடியின் ஓடுகள் சரிந்திருந்தன. மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகும். சுவர் மூன்று சாண் கனம். சுண்ணாம்புக் காரையில் கட்டியது. ஒரு விரிசல் இல்லை. ஆனால் எனக்கு அந்தக் காலத்தில் கான்கிரீட்டின் மேல் ஒரு மோகம். பழைய சாவடியில் பள்ளி நடத்துவது எனக்கும் ஊருக்கும் கௌரவக் குறைவு என்று எண்ணினேன். விண்ணப்பத்தின் மேல் விண்ணப்பம் எழுதினேன். "மிகவும் பழுதடைந்த நிலையில் உள்ளது" என்று என் கையாலேயே எழுதினேன். பழுதடைந்திருந்தது ஓடுதான், சுவர் அன்று. அது எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன். அடுத்த ஆண்டு சாவடி இடிக்கப்பட்டது. இடிப்பதற்கு வந்தவர்கள் இரண்டு நாள் என்று கூலி பேசிவிட்டு ஒன்பது நாள் பாடுபட்டார்கள். அந்தச் சுவரில் கடப்பாரை பட்டபோதெல்லாம் கிளம்பிய ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

புதிய கட்டடம் எழுந்தது. தட்டைக் கூரை, இரண்டு அறை. திறப்பு விழாவில் எனக்கு மாலை போட்டார்கள். பதினைந்து ஆண்டில் கூரையின் அடிப்பக்கம் பொருக்குத் தட்டி விழத் தொடங்கிற்று. கம்பிக்கு மேல் கான்கிரீட்டுப் போர்வை போதிய கனத்துக்கு இல்லையென்றால் ஈரமும் காற்றும் உள்ளே புகும், கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு பருக்கும், பருத்த கம்பி தன்னை மூடிய கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள் அல்லவா? அதன் பிறகு தமிழகம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களைச் சோதித்துப் பழுதானவற்றை இடிக்க ஆணை பிறந்தது. என் மாலை விழுந்த அந்தக் கட்டடமும் இடிந்தது. அதன் வயது முப்பத்துநான்கு. நான் இடிக்கச் செய்த சாவடி எத்தனை தலைமுறை நின்றது என்று அந்த ஊரில் சொல்ல வல்லார் ஒருவரும் இல்லை. புதுக் கட்டடம் எழும் வரையில் பிள்ளைகள் ஒரு வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்து படித்தார்கள்.

இதனால் பழையதெல்லாம் நல்லது, புதியதெல்லாம் பொல்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது என் பழைய மோகத்தைத் திருப்பிப் போட்டதாகவே ஆகும். கட்டடத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னதுதான் நான் செய்த குற்றம்.

நம் நாட்டில் கல்வி பெரும்பாலும் பிறருக்காகக் கட்டிய இடத்திலேயே வளர்ந்தது. திண்ணைப் பள்ளிக்கூடம் என்ற பெயரே அதற்குச் சான்று. திண்ணை வழிப்போக்கனுக்காக ஏற்பட்டது; அதில் பகலில் அரிச்சுவடி நடந்தது. பெருந்தலைவர் காமராசர் காலத்தில் ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தபோது, கட்டடம் எழட்டும், பிறகு பள்ளி என்று காத்திருக்கவில்லை. மண்டபமும் சாவடியும் கிடைத்த இடத்தில் பள்ளி தொடங்கிற்று. அன்றைய கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு அவர்கள் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஒன்றை ஏற்படுத்தினார். முதல் மாநாடு 1958இல் கூடிய கடம்பத்தூர், எங்கள் இருப்புப்பாதையிலேயே, திருவள்ளூரை அடுத்து உள்ளது. ஊரார் தங்களால் இயன்ற மணி, கடிகாரம், நாற்காலி, நிலம் என்று கொண்டுவந்து பள்ளிக்குக் கொடுத்தார்கள். பள்ளி ஊருடையது என்ற எண்ணம் அப்போது இருந்தது. இடம் கொடுத்தவன் கூரையையும் கவனிப்பான்.

சென்னைக்குப் போவோம். அங்கே பெண்களுக்கான உயர் கல்வி இரண்டு மாளிகைகளில் பிறந்து வளர்ந்தது என்று சொல்லலாம். 1914இல் டொரதி டிலாஹே அம்மையார் முதல்வராக, அரசு மகளிர் கல்லூரி ஒன்றைத் தொடங்கியபோது அதற்குக் கிடைத்தது கடற்கரையில் இருந்த காப்பர் இல்லம். கர்னல் காப்பர் என்பவர் கட்டிய வீடு. இடையில் ஓட்டலாக இருந்தது. ஓட்டலில் கல்லூரியா என்று மூக்கின் மேல் விரல் வைத்தவர்கள் இருந்திருப்பார்கள். அந்தக் கல்லூரிதான் இராணி மேரிக் கல்லூரி. அடுத்த ஆண்டு கீழ்ப்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் பிறந்த மகளிர் கிறித்தவக் கல்லூரி, 1916இல் நுங்கம்பாக்கத்து டவ்டன் இல்லத்துக்குக் குடிபெயர்ந்தது. அது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த தோட்ட மாளிகை. வட்டமான முகப்பும் உயர்ந்த தூண்களும் உடையது. இன்றும் அக்கல்லூரியின் நடுநாயகமாக நிற்கிறது.

இரண்டு கல்லூரிகளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டும் பழைய மாளிகையில் வளர்ந்தவை. ஆனால் டவ்டன் இல்லம் நிற்கிறது. காப்பர் இல்லம் இன்று இல்லை. 2003இல் அந்தக் கல்லூரி வளாகத்தையே எடுத்துக்கொண்டு தலைமைச் செயலகம் கட்டலாம் என்று ஒரு திட்டம் எழுந்தது. மாணவிகள் வீதிக்கு வந்து போராடினார்கள், திட்டம் நின்றது. வளாகம் பிழைத்தது. ஆனால் கல்லூரி பிறந்த வீடு பிழைக்கவில்லை. கடலுப்புக் காற்று அடிக்கிற இடத்தில் ஒரு வீட்டை ஆண்டுதோறும் பார்த்து வரவேண்டும். ஓர் ஆண்டு பார்க்காமல் விட்டால் அடுத்த ஆண்டு இரட்டைச் செலவு. ஐந்தாண்டு விட்டால் செலவே பேச்சில்லை, கடப்பாரைதான்.

அடையாற்றின் கரையில் ஜேம்ஸ் பிராடி என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் கட்டிய கோட்டை போன்ற வீட்டையும் நினைக்க வேண்டும். 1949இல் தொடங்கிய அரசின் கருநாடக இசைக் கல்லூரி பிறகு அங்கே குடிபுகுந்தது. ஒரு வெள்ளைக்காரர் ஆற்றுக் காற்றுக்காகக் கட்டிய கூடத்தில் தம்பூரா மீட்டப்பட்டது. கூரை உயரமாக இருந்தால் குரல் நன்றாக நிற்கும். இசைக்கு அந்த வீடு பொருந்திற்று. எந்த வேலைக்கு எந்தக் கட்டடம் என்று பொருத்தம் பார்ப்பது கல்யாணத்துக்கு மட்டும் உரியதன்று.

மதுரையில் இரண்டு உதாரணங்கள். திருமலை நாயக்கர் மகால் சிதைந்து கிடந்தபோது, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதைச் செப்பனிடச் செய்தார். செப்பனிட்டதோடு அதற்கு ஒரு வேலையும் கிடைத்தது. நீதிமன்றங்கள் அங்கே நடந்தன. 1970 வரை அந்தப் பெருந்தூண்களுக்கிடையே வக்கீல்கள் வாதாடினார்கள். அரண்மனையில் வழக்கா என்று வருந்துவாருண்டு. வழக்கு நடந்ததால்தான் அங்கே நாள்தோறும் விளக்கு ஏறிற்று, கூரை பார்க்கப்பட்டது என்பது என் எண்ணம். மற்றொன்று இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை. அது வெள்ளையர் ஆட்சியில் கலெக்டரின் இருப்பிடமாக இருந்தது. 1959 ஏப்ரல் 15ஆம் நாள் காந்தி நினைவு அருங்காட்சியகமாக நேரு அவர்களால் திறந்து வைக்கப்பட்டது. அரசி உலாவிய கூடத்தில் காந்தியடிகளின் துணி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நான் அங்கே மூன்று முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் துணியையும் பார்த்தார்கள், கூரையையும் அண்ணாந்து பார்த்தார்கள்.

இவையெல்லாம் பெரிய இடத்துச் செய்திகள். எங்கள் சத்திரத்துக்கு நேரான உறவு ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம். தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் போகும் வழியில், இராமேசுவர யாத்திரைப் பாதையில் உள்ளது. இரண்டாம் சரபோசி மன்னர் தமக்கு உயிரனைய முக்தாம்பாள் மறைந்தபோது, அவர் பெயரால் 1802இல் அதை நிறுவினார். தஞ்சை மராட்டியரின் சத்திரம் என்றால் இன்று நாம் நினைப்பதுபோல் வெறும் தங்கும் விடுதியன்று. 1801இல் மன்னர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், தம் முன்னோர் வைத்த சத்திரங்களில் என்னென்ன நடந்தன என்பதை எடுத்துரைக்கிறார். எல்லாச் சாதியாருக்கும் சோறு, தாயற்ற குழந்தைக்குப் பால், பாம்புக் கடிக்கும் நோய்க்கும் மருத்துவர், கருவுற்ற பெண்களுக்குப் பராமரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசிரியர். அதாவது, சத்திரத்துக்குள் பள்ளிக்கூடம் தொடக்கத்திலேயே இருந்தது. யாத்திரிகர் வருகை ஓய்ந்த பிறகு, அரசுப் பள்ளியும் மாணவர் விடுதியும் ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் இயங்கின. முற்றங்களைச் சுற்றிய கூடங்களும், செதுக்கிய மரத்தூண்களும், யானையும் குதிரையும் இழுக்கும் தேர்போன்ற வேலைப்பாடும் உள்ள அவ்விடத்தில் நம் கிராமத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்தார்கள். பின்னர் பள்ளி தனக்கென்று புதுக் கட்டடத்துக்குப் போயிற்று. பிள்ளைகள் போன பிறகு கட்டடம் விரைவாகச் சிதைந்தது. நான் போய்ப் பார்த்தபோது முற்றத்தில் புல் முழங்கால் உயரம். ஒரு தூணில் யாரோ ஒரு பையன் காம்பசு முனையால் தன் வகுப்பையும் பிரிவையும் செதுக்கியிருந்தான். ஆசிரியன் என்ற முறையில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த எழுத்து ஒன்றுதான் அங்கே மனிதர் இருந்த அடையாளம்.

புதுக் கட்டடத்துக்கும் வேலை மாறுவதுண்டு. சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் தலைமைச் செயலகத்துக்கென்று கட்டிய மாளிகை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2014 பிப்ரவரியில் அதுவே பல்துறை உயர்சிறப்பு மருத்துவமனையாயிற்று. அதன் அரசியலுக்குள் நான் போகவில்லை. கோப்புப் பார்க்கக் கட்டிய இடத்தில் நோயாளியைப் படுக்க வைக்க வேண்டுமானால் குழாயும் கழிவுநீர் வழியும் காற்றோட்டமும் எவ்வளவு மாற வேண்டும் என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஆயினும் இன்று அங்கே ஏழைகள் சிகிச்சை பெறுகிறார்கள்.

இனி ஒரு கசப்பான செய்தி. 2004 சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்டார்கள். கீற்றுக் கூரை, அருகே சமையற்கூடம், குறுகிய படிக்கட்டு. இடம் எங்கே கிடைத்தாலும் பிள்ளைகளை அடைத்துவிடலாம் என்ற நினைப்பின் விலை அது. பழைய கட்டடத்தைப் பள்ளியாக்கு என்று சொல்கிற எவனும் அந்த நாளை மறந்து பேசக்கூடாது. எங்கள் சத்திரத்தைப் பற்றிப் பேசியபோது நானும் முதலில் அதையே பேசினேன். எங்களூர்க்காரர்களுக்கு அது அபசகுனமாகப் பட்டது. படட்டும் என்று விட்டுவிட்டேன்.

பழகிய ஒரு பொறியாளரை அழைத்து வந்தோம். அவர் ஒரு நாள் முழுவதும் சத்திரத்தில் இருந்தார். எடுத்த எடுப்பில் கூரையைப் பார்க்கவில்லை. மழைநீர் எங்கே விழுகிறது, எங்கே போகிறது என்று பார்த்தார். கட்டடத்துக்கு எமன் தண்ணீர்தான் என்றார். திண்ணைக்கு அடியில் நீர் தேங்கி அடித்தளத்தை அரித்திருந்தது. பிறகு உத்திரங்களை ஒரு சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். தேக்கு கணீரென்றது, சுவருக்குள் புதைந்த முனைகள் இரண்டு மட்டும் பொத்தென்றன. கறையான். பின்கட்டு அறைகளின் மேல்தளம் கொத்தனார்கள் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் வகை. உத்திரத்தின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வரிசையாகப் பதித்து, மேலே செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கிய தளம். அது இன்னும் நன்றாகவே இருந்தது. கெட்டிருந்தது எது தெரியுமா? நடுவில் யாரோ நல்லெண்ணத்தோடு சிமெண்டுப் பூச்சுப் பூசியிருந்த தெற்குச் சுவர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கும், வெயிலில் வெளிவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் செங்கல்லைப் பொடியாக்கும். சிமெண்டைக் கொத்தி எடுத்தபோது உள்ளேயிருந்து மாவாகக் கொட்டிற்று.

நூலகத்தை மாடியில் வைத்துக் கீழே படிப்பறை வைக்கலாம் என்று நான் ஒரு திட்டம் வரைந்து வைத்திருந்தேன். பொறியாளர் சிரித்தார். வீட்டுத் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ எடைக்குக் கணக்கிடுவார்களாம், வகுப்பறைக்கு 300, புத்தக அடுக்குகள் நிற்கும் அறைக்குக் குறைந்தது 600. "ஐயா, அறிவுக்கு எடை இல்லை என்று நீங்கள் பாடம் நடத்தியிருப்பீர்கள்; புத்தகத்துக்கு உண்டு" என்றார். புத்தகங்கள் கீழே வந்தன. மாடியில் எவரும் ஏறாதபடி படிக்கட்டுக்குக் கதவு போட்டோம்.

சத்திரம் அறச் சொத்து. அறத்தைச் செய்தவர் எந்தக் காரியத்துக்கென்று வைத்தாரோ அந்தக் காரியத்தை மாற்ற ஊரார்க்கு உரிமை இல்லை. மேலிடத்து அனுமதி வேண்டும். அலுவலகங்களுக்கு அலைந்த கதையை இங்கே விரித்தால் எனக்களித்த நேரம் போதாது. பதினான்கு மாதம் ஆயிற்று. கடைசியில் ஓர் இணக்கம் ஏற்பட்டது: சத்திரம் சத்திரமாகவே இருக்கும், ஆடிக் கிருத்திகையின்போது நடந்து வருவோர்க்கு அது முழுவதும் திறந்திருக்கும், மற்றைய நாட்களில் மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை பிள்ளைகளுக்கு. எனக்கு இது பெரிய நிம்மதி. யாத்திரிகரை வெளியேற்றிவிட்டுப் பிள்ளைகளை உள்ளே கொண்டுவருவதில் என் மனம் ஒப்பவில்லை.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். கடை வரிசை கட்டுவதற்குப் போட்ட மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக முடிந்தது. ஆனால் ஆள் கிடைப்பது அரிதாக இருந்தது. சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறப்போட்டுப் புளிக்க வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைக்கத் தெரிந்த கொத்தனார் எங்கள் பக்கத்தில் ஒருவர்தான் இருந்தார். வயது எழுபது. அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டைப் பக்கத்துத் தறிக்காரர்களைப் போலவே, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று அவரும் சொன்னார். அவரோடு இரண்டு இளைஞர்களைச் சேர்த்துவிட்டோம். ஒருவன் பத்து நாளில் ஓடிவிட்டான். மற்றவன் இருக்கிறான்.

கடை வேண்டும் என்றவர்களின் வாதத்தையும் நான் புறக்கணிக்கவில்லை. வருமானமில்லாத கட்டடத்தை யார் பார்த்துக்கொள்வது என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. புதுக் கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, மாலை உண்டு. பழுது பார்ப்பதற்கு விழாவும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே தெருவைப் பார்த்த திண்ணையின் ஒரு முனையை மட்டும் ஒரு தையற்காரருக்குக் குறைந்த வாடகைக்கு விட்டோம். அந்த வாடகை ஓட்டுக்கும் வெள்ளையடிப்புக்கும் என்று தனிக் கணக்கில் போகிறது. அவர் அங்கே இருப்பதால் பகலில் ஒரு காவலும் ஆயிற்று. சீட்டாட்டம் வேறு இடம் தேடிப் போய்விட்டது.

வருங்காலத்தில் இந்தக் கேள்வி வேறு திசையிலிருந்தும் வரும். நம் மாநிலத்தில் பிறப்பு குறைந்து வருகிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை. 2019இலேயே ஒரு மாணவர்கூட இல்லாமற்போன நாற்பதுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை நூலகங்களாக்கப் போவதாக அரசு அறிவித்தது. சாவடி பள்ளியான காலம் போய்ப் பள்ளி சாவடியாகும் காலம் வருகிறது. சப்பான் நாட்டார் இதில் நமக்கு மூத்தவர்கள். கியோட்டோ நகரத்து மக்கள் 1869இல், நாட்டுக்கே கல்விச் சட்டம் வருமுன், தங்கள் தங்கள் பேட்டையில் பணம் திரட்டி 64 பள்ளிகளை ஏற்படுத்தினார்கள். நூற்றாண்டு கழித்து நகரின் நடுவில் குழந்தைகள் குறைந்து அவற்றுட் பல மூடப்பட்டன. அவற்றில் ஒரு பள்ளி 2006இல் படக்கதைகளுக்கான அருங்காட்சியகமாயிற்று. முரோட்டோ என்ற கடற்கரையூரில் மூடப்பட்ட பள்ளி 2018இல் மீன் காட்சிச்சாலையாயிற்று. பிள்ளைகள் நீந்திய குளத்தில் இப்போது ஆமையும் சுறாவும் நீந்துகின்றன. உடற்பயிற்சிக்கு வைத்திருந்த தாண்டு பெட்டிகூட மீன் தொட்டியாகிவிட்டது. பள்ளி போயிற்றே என்று ஊரார் அழுதிருக்கக்கூடும். கதவைப் பூட்டிச் சாவியை எறிந்துவிடவில்லை என்பதே எனக்கு வியப்பு.

எங்கள் பக்கத்தில் எந்தப் பள்ளிக்கும் அந்த நிலை வரவேண்டாம். வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைக்கும்படி, இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். எந்தச் சுவர் நல்ல சுவர், எந்தக் கூரை எப்போது மாற்றியது, கிணற்றில் எத்தனை அடி நீர் என்று எழுதினால் போதும். அப்படியொரு தாள் 1987இல் என் மேசையில் இருந்திருந்தால், "மிகவும் பழுதடைந்த நிலை" என்று எழுத என் கை கூசியிருக்கும்.

சென்ற ஆடிக் கிருத்திகைக்கு முன்நாள் பிள்ளைகள் தங்கள் புத்தகங்களைத் தாங்களே பெட்டிகளில் அடுக்கிப் பின்கட்டில் வைத்துப் பூட்டினார்கள். இரவில் எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு காவடிக் கூட்டம் வந்து தாழ்வாரத்தில் படுத்தது. அவர்களில் ஒரு சிறுமி சுவரில் எங்கள் பிள்ளைகள் எழுதி ஒட்டியிருந்த தமிழ் எழுத்துக்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, தன் தாயிடம் தெலுங்கில் ஏதோ கேட்டாள். தாய்க்குப் படிக்கத் தெரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து போய், எனக்கு முதன்முதல் சாவடியில் கற்பித்த தெலுங்கை வைத்துக்கொண்டு அவளுக்கு எழுத்தெழுத்தாகச் சொன்னேன். வடபுறத்து உத்திரத்தின் ஒரு முனைக்கு இன்னும் முட்டுக் கொடுத்துத்தான் வைத்திருக்கிறோம். ஐப்பசி மழை முடிந்து மரம் காய்ந்ததும் அதை மாற்ற வேண்டும் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார்.